இந்தப் பக்கம் மேலே

இரவு டூட்டி முடித்து, கையெழுத்துப் போட்டு,
ஸ்டான்லி வாசலில் ஷேர் ஆட்டோ பிடித்துக்
காசிமேடு வர ஒன்பது.
கஞ்சி குடித்துக் கண்ணை மூடினால் பத்து.
பதினொன்றுக்கு
என் கூரை விழித்துக்கொள்ளும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், பத்துக்குப் பன்னிரண்டு.
மொட்டை மாடியில் நாதமுனி எழுப்பிய ஒற்றை அறை,
வாடகை நாலாயிரத்து ஐந்நூறு,
தண்ணீர் கீழே இறங்கிப் பிடிக்கணும்.
மின்விசிறி சுழன்று சுழன்று
மேலே நிற்கும் அனலை மொண்டு
என்மேல் ஊற்றும்.
ஈரத்துண்டு இருபது நிமிடத்தில் அப்பளம்.

வார்டில் தூக்கிப்போட்ட தடுப்பூசிப் பெட்டிக்குள்
ஒரு வெப்பமானி கிடந்தது.
கேட்டு வாங்கிவந்து தலைமாட்டில் மாட்டினேன்.
மே ஆறாம் தேதி, மதியம் இரண்டு மணி:
நாற்பத்து மூன்று.
நோயாளிக்கு என்றால் டாக்டரைக் கூப்பிட்டிருப்பேன்.
அறைக்கு யாரைக் கூப்பிடுவது?

ஏசி போடேன் என்றாள் எஸ்தர்.
வயரிங் தாங்காது என்றார் நாதமுனி.
என் சம்பளமும்தான்.

யோசனை அந்தப் பெட்டியிலேயே இருந்தது.
தெர்மோகோல். உள்ளே ஐஸ், வெளியே சித்திரை,
சாயங்காலம் வரை இரண்டும் பேசிக்கொள்வதில்லை.
ஏலம் முடிந்த விடியலில் துறைமுகத்தில்
உடைந்த மீன்பெட்டிகள் மலையாய்க் கிடக்கும்.
நல்லதாய்ப் பார்த்து அமுலு கட்டித் தந்தாள்,
நாற்பத்திரண்டு மூடி, மூடி மூன்று ரூபாய்.
"மீனே இல்லாம மூடி வாங்குற மொத ஆளு நீதான்."

ஜிலானி வந்ததும் வயரைத்தான் பார்த்தான்.
"சூடு பட்டா இது இளகும்க்கா, பைப்புல போட்டுத் தரேன்."
பந்தல்காரர் கழித்துப்போட்ட சவுக்குக் கழிகளைக்
குறுக்கே கட்டினோம்.
ஷீட்டுக்குக் கீழே ஒரு சாண் விட்டு
மூடிகளை அடுக்கினான்.
அந்த ஒரு சாணில் என்ன வைப்பது என்று கேட்டேன்.
"ஒண்ணும் வெக்காத. சும்மா இருக்கறதுதான் அங்க வேலை."
அப்படி ஒரு வேலை
எனக்கு யாரும் தந்ததில்லை.

வாடை போகவில்லை.
பிளீச்சிங் பவுடர் போட்டும், புளி கரைத்துக் கழுவியும்.
முதல் வாரம் முழுக்க வாசலில் பூனைகள்
உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தன,
பிரார்த்தனைக்கு வந்தவர்கள் மாதிரி.

மதியம் இரண்டு மணி: முப்பத்தாறு.
முப்பத்தாறு குளிர் இல்லை.
ஆனால் முப்பத்தாறில் ஒரு மனுஷி தூங்கலாம்.
மல்லாந்தால் வாசிக்கவும் உண்டு:
மார்க்கர் எழுத்தில் வஞ்சிரம் 18 கிலோ,
தலைகீழாய் சங்கரா, கொச்சி,
யாரோ அவசரத்தில் போட்ட கூட்டல்.
கூட்டல் தப்பு. நூற்றுப்பத்து ரூபாய் உதைக்கிறது.
யார் தலையில் விழுந்ததோ என்று
எண்ணுவதற்குள் தூக்கம்.

நாதமுனி ஒருநாள் மேலே வந்தார்.
செருப்பைக் கழற்றி, அறை நடுவில் நின்று,
கையை உயர்த்திக் கூரைக்கடியில் துழாவி,
"பரவால்லையே" என்றார்.
அடுத்த மாதம் வாடகை ஐயாயிரம்.
நூற்று இருபத்தாறு ரூபாய் மூடிக்கு
மாதாமாதம் ஐந்நூறு.
காலி செய்தால் கழற்றிக்கொண்டு போவேன் என்றேன்.
சுவரில் ஆணி அடித்தால்
ஆணியும் சுவரும் ஒன்று என்றார்.
இது ஆணி இல்லை, கட்டுக்கம்பி என்றேன்.
பேச்சு இன்னும் முடியவில்லை.

ஐப்பசியில் வேறொன்று நடந்தது.
முன்பெல்லாம் முதல் துளிக்கே ஷீட் பறையடிக்கும்,
ஓடிப்போய்க் கொடித்துணியை அள்ளுவேன்.
அன்று நாலு மணிக்குக் கண் விழித்தால்
வாசலில் கணுக்கால் தண்ணீர்,
கொடியில் டூட்டிப் புடவை சொட்டச் சொட்ட.
பெய்து ஓய்ந்தே ஒரு மணி நேரமாம்.
அரை ஈரத்தோடு வேலைக்குப் போனேன்.
ஏன் சிரிக்கிறே என்றாள் எஸ்தர்.
ஆறு மணி நேரம், எஸ்தர்,
வானமே இடிந்தும் என்னை எழுப்பவில்லை.

கதவுக்கு மேலிருக்கும் மூடியில் மட்டும்
சிவப்பு மையில் அச்சு: இந்தப் பக்கம் மேலே.
அந்தப் பக்கம் கீழே என்னைப் பார்த்து இருக்கிறது.
ஜிலானிக்கு அது உறுத்தல்.
ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து திருப்பிவிடுகிறேன் என்றான்.
வந்தானா, தட்டினானா,
தெரியாது.